காயமுற்ற தொழிலாளரும் நஷ்டஈட்டு மனுவும்

முற்காலத்தில் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தோர் சிப்பியில் ஒரு பங்கையே கூலியாகப் பெற்றனர். நீரினுள் மூச்சடங்கினும், சுறாவால் உறுப்பிழந்தாலும், அவர் குடும்பத்தார் உரிமையென்று கேட்கத்தக்கது யாதும் இல்லை. கடல்கட்டி என்பார் ஓதிய மந்திரமே அவர்க்குக் காப்பாயிருந்தது. இக்கடலின் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. எனினும் சங்கு குளிப்போரும், வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் சரக்கேற்றி இறக்குவோரும் இன்றும் உடலைப் பணயம் வைத்தே உழைக்கின்றனர்.

இத்தகையோர்க்காக 1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பெற்று, 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. முதலாளியின் குற்றத்தை நிலைநாட்டாமலே ஈடு பெறலாம் என்பதே இச்சட்டங்களின் சிறப்பு. அவ்வாறிருந்தும் பலர் தமக்குரியதை இழப்பது ஏன்? மனுச் செய்வதில் நேரும் சில பிழைகளே காரணமாம்.

முதற்பிழை, வாளாவிருத்தல். ‘மேஸ்திரிக்குத் தெரியும்’ என்றிருத்தல் போதாது. நாள், இடம், காயம், காரணம் ஆகியவற்றை எழுதி விரைவில் முதலாளிக்குக் கொடுத்து, படியொன்றில் ஒப்பம் பெறல் வேண்டும். விபத்து நேர்ந்த இரண்டாண்டிற்குள் மனுவும் செய்தல் வேண்டும். அழுத்தமுற்ற காற்றில் வேலை செய்வதால் வரும் நோயும் காயமாகவே கருதப்படும் என்பதைக் குளியாட்கள் அறிதல் நலம்.

இரண்டாவது, மருத்துவரிடம் மெய்யை மறைத்தல். மேலாள் சொற்கேட்டு, ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன்’ என்று மருத்துவமனையில் எழுதுவித்தவன், பின்னர்க் கப்பல்தளத்தில் விழுந்ததை மெய்ப்பித்தல் அரிது.

மூன்றாவது, வயதிற்கும் கூலிக்கும் சான்று வையாமை. ஈட்டுத்தொகை இவ்விரண்டையும் பற்றியே கணிக்கப்படும். இறந்தவன் மாதக்கூலியில் பாதியை வயதிற்குரிய எண்ணால் பெருக்குவர். முப்பது வயதிற்கு அவ்வெண் 207.98, ஐம்பதிற்கு 153.09. மாதம் 12,000 ரூபாய் பெற்ற முப்பது வயதினன் இறப்பின் ஈடு 12,47,880 ரூபாய். ஐம்பது வயதினனாயின் 9,18,540 ரூபாய். வயதைக் குத்துமதிப்பாய்க் கூறுவதன் நட்டம் எத்துணையென்பது இதனால் விளங்கும்.

நான்காவது, துயரத்தின் நடுவே சிறுதொகை வாங்கிக் கைந்நாட்டு வைத்தல். ‘இனி யாதும் கேளேன்’ என்று எழுதிக் கொடுத்து உரிமையைத் துறக்கும் உடன்படிக்கை சட்டத்தின்முன் செல்லாது. இறப்பிற்குரிய ஈட்டை முதலாளி உரிய அதிகாரியிடமே செலுத்தவேண்டும்; குடும்பத்தார் கையில் நேரே கொடுத்தல் முறையன்று. இதனை அறியாத விதவையர், பெற்ற சில ஆயிரத்தோடு வழக்கு முடிந்ததென்று எண்ணி அமைந்துவிடுகின்றனர்.

ஐந்தாவது, ஒப்பந்தக்காரன் மறைந்துவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை என்று கருதுதல். அவ்வேலை எவருடைய தொழிலின் பகுதியாக நடைபெற்றதோ, அம்முதலாளியே பொறுப்பாவார்.

ஆறாவது, ‘என் கவனக்குறைவால் நேர்ந்தது’ என்று தானே பின்வாங்குதல். வெறும் கவனக்குறைவு உரிமையைக் கெடாது. குடிமயக்கம், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், காப்புக்கருவியை அகற்றுதல் ஆகியவையே தடையாம். சாவோ முழுநிலை ஊனமோ நேரின் அவையும் தடையாகா.

தொழிலாளர் அரசுக் காப்புறுதியிற் சேர்ந்தோர் அத்துறையினிடமே ஈடு கேட்டல் வேண்டும். முதலாளியின்றித் தாமே பங்கிட்டுத் தொழில் செய்யும் கடலோடிகளுக்கு இச்சட்டம் பயன்படாது. அவர்கள் மீனவர் நல வாரியத்திற் பதிவு செய்து, அதனைப் புதுப்பித்து வருதலே தக்கது.

இவ்விழப்புகளிற் பல, எழுதத் தெரிந்த ஒருவர் முதல் வாரத்தில் அருகில் இல்லாமையால் நேர்வன. எழுத்தறிவு பெற்ற நாம், துறைமுகத்துத் தெருக்களில் வாழும் அயலார்க்கு ஓர் அறிவிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் படியையும் பத்திரப்படுத்துமாறு சொல்வோமாயின், அக்குடும்பம் பிச்சை கேளாது உரிமை கேட்கும்.