ஆய்வகக் கணினிக்கு ‘லைசென்ஸ் சர்வர்’ கிடைக்காதபோது

“ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் சர்வர் எதுவும் கிடைக்காததால் இணைப்பு துண்டிக்கப்பட்டது.” தின் கிளையண்ட் வைத்திருக்கும் கணினி ஆய்வகங்களில் ஆங்கிலத்தில் தோன்றும் ஒரு செய்தியின் பொருள் இது. இதைப் பார்த்ததும் பெரும்பாலும் கேபிளைக் கழற்றி மாட்டுகிறோம், பெட்டியை அணைத்துப் போடுகிறோம். அதற்கும் மசியாவிட்டால் ‘இந்த சிஸ்டம் போச்சு’ என்று ஒரு தாளில் எழதி ஒட்டிவிடுகிறோம். பழுது அந்தப் பெட்டியில் இருப்பது அரிது. எங்கே இருக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

2019 முதல் நம் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. எல்லா ஆய்வகங்களும் ஒரே அமைப்பில் இல்லை. சிலவற்றில் தனித்தனி முழுக் கணினிகள். சிலவற்றில் ஒரு சர்வரும் அதோடு இணைந்த சிறு பெட்டிகளும். இந்தச் சிறு பெட்டிதான் தின் கிளையண்ட். மாணவர் தட்டுவதும் பார்ப்பதும் இங்கே. வேலை நடப்பது சர்வரில். அந்த சர்வரில் விண்டோஸ் சர்வர் இருந்து, அதில் ‘ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட்’ என்ற பணி நிறுவப்பட்டிருந்தால் மட்டுமே இக்கட்டுரை உங்களுக்குப் பொருந்தும். லினக்ஸ் ஆய்வகம் என்றால் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

விண்டோஸ் சர்வரை வாங்கியதாலேயே இருபது பேர் அதில் உட்கார்ந்துவிட முடியாது. நிர்வாகப் பணிக்கு மட்டும் இரண்டு தொலை இணைப்புகளை அது இலவசமாக அனுமதிக்கும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். இந்த லைசென்ஸ்களைக் கணக்கு வைத்து வழங்கும் மென்பொருள்தான் லைசென்ஸ் சர்வர். பெயரைக் கேட்டுத் தனியாக இன்னொரு பெட்டி இருக்கும் என்று எண்ண வேண்டாம். சிறிய ஆய்வகத்தில் இரண்டு பணிகளையும் ஒரே கணினியே செய்யலாம். ஆனாலும் அவை இரண்டு வேறு பணிகள். ஒன்றுக்கு மற்றொன்று எங்கே இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். நம் சிக்கலெல்லாம் இந்தச் ‘சொல்வதில்’தான்.

முன்பு இதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. விண்டோஸ் சர்வர் 2003, 2008 பதிப்புகளில் செஷன் ஹோஸ்ட் தானாகவே தேடிக்கொள்ளும். ஆய்வகச் சாவி யாரிடம் என்று வராந்தாவில் நின்று ஒரு குரல் கொடுப்பதைப் போல, நெட்வொர்க்கில் ஒரு பொது அழைப்பு விடும். அதே நெட்வொர்க்கில் இருக்கும் லைசென்ஸ் சர்வர் பதில் தரும். ரவுட்டருக்கு அப்பால் இருந்தால் கேட்காது. வராந்தாவில் கொடுத்த குரல் அடுத்த கட்டடத்துக்குக் கேட்காதல்லவா, அதுபோல. டொமைன் வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களில் டொமைன் கன்ட்ரோலரிடமோ, ஆக்டிவ் டைரக்டரி என்ற பதிவேட்டிலோ விசாரித்துக் கண்டுபிடிக்கும்.

2008 ஆர்2 பதிப்போடு செஷன் ஹோஸ்டின் இந்தத் தானியங்கித் தேடலை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இப்போது லைசென்ஸ் சர்வரின் பெயரையோ முகவரியையோ நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். 2012 பதிப்பில், அதை எழுதப் பயன்பட்ட எளிய அமைப்புத் திரையையும் எடுத்துவிட்டார்கள். பள்ளி ஆய்வகம் போல டொமைன் இல்லாத இடத்தில் இப்போதைய நேரான வழி, ‘குரூப் பாலிசி’ திரைக்குப் போய் எழுதுவதுதான். பழைய பதிப்பில் பழகியவர்கள் ‘சர்வர்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, தானே கண்டுபிடிக்கும்’ என்று விட்டுவிடுவதுண்டு. ஒரே கணினிக்குள் இரண்டு பணிகளும் இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதை நம்ப முடியாமல் பலர் தவிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எழுதாமல் விட்டால் உடனே ஒன்றும் ஆகாது என்பதுதான் இதில் உள்ள பொறி. செஷன் ஹோஸ்ட் நிறுவிய நாளிலிருந்து 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அதுவரை யாரையும் எதுவும் கேட்காது. 120 நாள் என்பது நம் டெல்டாவில் ஏறத்தாழ ஒரு குறுவைப் பயிரின் வயது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று ஆய்வகத்தை நிறுவினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 10 அன்று சலுகை முடிகிறது. நிறுவியவர் போய் நான்கு மாதம் ஆகியிருக்கும். காலாண்டுத் தேர்வு வரை ஒழுங்காக ஓடிய ஆய்வகம் ஒரு நாள் காலை மொத்தமாக நின்றுவிடும். எல்லாப் பெட்டிகளும் ஒரே நாளில் நின்றால் முதலில் நிறுவிய தேதியைத் தேடுங்கள்.

இதைவிட ஏமாற்றுவது, பெட்டிகள் ஒவ்வொன்றாக நிற்பது. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இதைப் பார்த்தேன். இருபது தின் கிளையண்டுகள். புதிய பிராட்பேண்ட் இணைப்பு வந்து, அதோடு புதிய ரவுட்டரும் வந்தது. இணைப்புக் கொடுத்தவர் சர்வரின் முகவரியை மாற்றி, இருபது பெட்டிகளிலும் புதிய முகவரியைப் பொறுமையாக எழுதிவிட்டுப் போனார். மறுநாள் எல்லாம் வேலை செய்தது. மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டி நின்றது. இரண்டு நாளில் இன்னொன்று. அந்த வாரத்திலேயே மேலும் இரண்டு. கணினி ஆசிரியர் நின்ற பெட்டிகளை ஓரமாக எடுத்து வைத்து, ஒரு பெட்டிக்கு மூன்று மாணவர்களாக உட்காரவைத்துப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். மின்னழுத்தத்தால் பெட்டிகள் பழுதாகின்றன என்றே எல்லோரும் எண்ணினார்கள். நம் பகுதி மின்சாரத்தைப் பார்த்தவர்கள் அப்படித்தானே எண்ணுவார்கள்!

நடந்தது வேறு. இங்கே லைசென்ஸ் ‘பெர் டிவைஸ்’ முறை, அதாவது பெட்டிக்கு ஒன்று. புதிய பெட்டி முதன்முதலில் இணையும்போது 90 நாளுக்குத் தற்காலிக லைசென்ஸ் ஒன்றைப் பெறும். அடுத்த முறை நிரந்தர லைசென்ஸ் கிடைக்கும். நிரந்தரம் என்று பெயரே தவிர, அதற்கும் ஆயுள் உண்டு: 52 நாள் முதல் 89 நாள் வரை, ஏதோ ஒரு நாள். பெட்டிக்குப் பெட்டி இது மாறும். முடிவதற்கு ஏழு நாள் இருக்கும்போது செஷன் ஹோஸ்ட் லைசென்ஸ் சர்வரைக் கேட்டுப் புதுப்பித்துக் கொடுக்கும். கையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள பெட்டியை, லைசென்ஸ் சர்வர் காணாமல் போயிருந்தாலும், செஷன் ஹோஸ்ட் உள்ளே விடும். காலாவதியானதை மட்டுமே வெளியே நிறுத்தும். அந்தப் பள்ளியில் குரூப் பாலிசியில் எழுதியிருந்தது சர்வரின் பழைய முகவரி. அதை யாரும் மாற்றவில்லை. ரவுட்டர் மாறிய நாளிலேயே புதுப்பித்தல் நின்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பெட்டியும் தன் தன் நாள் வந்தபோது நின்றது. ஓரமாக வைத்த பெட்டிகளில் ஒன்றில்கூடப் பழுதில்லை.

ஆகவே பெட்டியைத் தொடுவதற்கு முன் சர்வருக்குப் போங்கள். சர்வரின் முன் உட்கார்ந்து அதன் சொந்த விசைப்பலகையில் உள்நுழைய இந்த லைசென்ஸ் தேவையில்லை. ஆய்வகம் முழுவதும் நின்றிருந்தாலும் அது திறக்கும். ‘சர்வர் மேனேஜர்’ திரையில் டூல்ஸ் என்பதன் கீழ் ‘ஆர்டி லைசென்சிங் டயக்னோசர்’ என்ற கருவி இருக்கும். இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவர் கையிலுள்ள ஸ்டெதாஸ்கோப் மாதிரி இது. எந்த லைசென்ஸ் சர்வரைத் தேடுகிறது, அது கிடைத்ததா, எத்தனை லைசென்ஸ் மீதம் என்று சொல்லிவிடும். அது எல்லாம் சரி என்று காட்டி, ஒரே ஒரு பெட்டி மட்டும் நிற்கிறதென்றால் அப்போதுதான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

லைசென்ஸ் சர்வர் குறிப்பிடப்படவில்லை என்று டயக்னோசர் சொன்னால் குரூப் பாலிசிக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், பிறகு விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், செஷன் ஹோஸ்ட், கடைசியாக லைசென்சிங். வழி நீளம்தான், ஒருமுறை போய்வந்தால் பழகிவிடும். அங்கே இரண்டு அமைப்புகளை மட்டும் பாருங்கள். ஒன்று, எந்த லைசென்ஸ் சர்வரைப் பயன்படுத்துவது. இன்னொன்று, எந்த முறை: பெட்டிக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா. முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்தாலும் வேலை நடக்காது. எண் முகவரியை எழுதுவதைவிட சர்வரின் பெயரை எழுதுவது நல்லது. அடுத்த முறை ரவுட்டர் மாறினாலும் பெயர் மாறாது. சர்வருக்கு நிலையான முகவரி கொடுப்பது அதனினும் அவசியம்.

முறையைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. டொமைன் இல்லாத ஆய்வகத்தில் ‘பெர் யூசர்’, அதாவது ஆளுக்கு ஒன்று என்ற முறை ஒத்துவராது. விண்டோஸ் சர்வர் 2019-இல் அப்படி வைத்தால், லைசென்ஸில் சிக்கல், 60 நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்று அறிவித்துவிட்டு, சொன்னபடி துண்டித்தும் விடும். ஒரு பாடவேளையில் இது தெரியவே தெரியாது. தொடர்ந்து இரண்டு பாடவேளை நடக்கும் செய்முறையிலோ ஆய்வகத் தேர்விலோதான் தெரியும். மாணவர் விடை எழுதிக்கொண்டிருக்கும்போது திரை போகும்.

முகவரி சரி, முறையும் சரி, ஆனாலும் லைசென்ஸ் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தால், அதன் சேவை ஓடுகிறதா என்று ‘சர்வீசஸ்’ திரையில் பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு அது எழாமல் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கணினிகளில் இருந்தால் ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும். புதிய ரவுட்டரைக் கண்டதும் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க்காகக் கருதி, ‘பப்ளிக்’ என்று வகைப்படுத்திக் கதவுகளை இறுக்கிவிடும். லைசென்ஸ் பேச்சுக்கு 135 என்ற போர்ட்டும், அதற்குப் பின் 49152-க்கு மேற்பட்ட போர்ட்டுகளும் தேவை. மாணவர் பெட்டி இணையும் 3389 திறந்திருக்கிறது என்பதால் இவையும் திறந்திருக்கும் என்று கொள்ள முடியாது.

தொடர்பு இருக்கிறது, லைசென்ஸ் மட்டும் மீதம் இல்லை என்றால் அது வேறு கதை. பழுதான பெட்டிக்குப் பதிலாக வேறு பெட்டி வைக்கும்போது அது புதிதாக ஒரு லைசென்ஸ் எடுத்துக்கொள்ளும். பழையதன் பெயரில் இருப்பது அது காலாவதியாகும்வரை அப்படியே கிடக்கும். ‘ஆர்டி லைசென்சிங் மேனேஜர்’ திரையில் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் மொத்தத்தில் 20 விழுக்காடு வரைதான், இருபதில் நான்கு. அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும்படி அமைக்கப்பட்ட தின் கிளையண்டுகளில் லைசென்ஸைச் சேமிக்க விலக்கு கொடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிப்பும் பொருந்த வேண்டும்: 2022-க்கு வாங்கிய லைசென்ஸ் 2019 சர்வருக்கு உதவும், 2019-க்கு வாங்கியது 2022 சர்வருக்கு உதவாது. லைசென்ஸ் சர்வரை மைக்ரோசாஃப்டிடம் பதிவுசெய்து இயக்காமல் விட்டிருந்தால் தற்காலிக லைசென்ஸ்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட ஆய்வகம் சில காலம் ஓடிவிட்டு நிற்கும்.

சலுகைக் காலத்தைப் பதிவேட்டிலிருந்து அழித்துவிட்டு மீண்டும் 120 நாள் பெறலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். அது லைசென்ஸ் விதியை மீறுவது. அரசுப் பள்ளியின் சர்வரில் அதற்கு இடமே இல்லை. தவிர, லைசென்ஸ் ஏற்கெனவே வாங்கப்பட்டு, முகவரி மட்டும் தவறாக இருக்கும் ஆய்வகத்தில் உண்மையான பழுதை அது இன்னும் நான்கு மாதம் மறைத்து வைக்கும்.

கஜா புயல் 2018 நவம்பரில் இந்தப் பகுதியைத் தாக்கியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிக் கிடந்து எழும் சர்வரில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். நாள்கணக்கில் ஓடும் லைசென்ஸ் முறைக்கு அது போதும் குழம்புவதற்கு. யுபிஎஸ் ஓய்ந்து திடீரென அணைந்தால் லைசென்ஸ் தரவுத்தளமும் கெடலாம். விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் ‘எல்சர்வர்’ என்ற உறையில் அது இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். லைசென்ஸ் ஒப்பந்த எண், சர்வரின் பெயர், முகவரி, நிறுவிய தேதி, லைசென்ஸ் முறை ஆகியவற்றை ஆய்வக இருப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால், சேவைப் பொறியாளர் வரும்போது அரை நாள் மிச்சம். ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் பதிவேடு பள்ளியில் இருக்கும்.

லினக்ஸ் ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த லைசென்ஸ் கணக்கு எதுவும் இல்லை. எல்டிஎஸ்பி என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு தின் கிளையண்ட் ஆய்வகம் அமைத்தால் பெட்டிக்குப் பெட்டி எதையும் வாங்க வேண்டியதில்லை. அங்கும் தேடல் உண்டு. பெட்டி எழுந்ததும் தனக்கு முகவரி தருபவர் யார் என்று நெட்வொர்க்கில் பொது அழைப்பு விடும். சர்வர் பதில் சொல்லித் தன்னிடம் அழைத்துக்கொள்ளும். புதிய பிராட்பேண்ட் ரவுட்டரும் முகவரி தருகிற வேலையைச் செய்யக்கூடியதுதான். சர்வருக்கு முன்னால் ரவுட்டர் பதில் சொல்லிவிட்டால் பெட்டி வழி தெரியாமல் நிற்கும். அப்போது இரண்டில் ஒன்றில் அந்த வேலையை நிறுத்திவைக்க வேண்டும்.