கனடியக் கடற்படைச் சேமப்படை நிலையங்களின் புவியியற் பரம்பல்

கனடியக் கடற்படைச் சேமப்படை என்பது கனடிய அரச கடற்படையின் ஓர் அங்கமான பகுதிநேரப் படை ஆகும். இதில் உள்ளோரிற் பெரும்பாலானவர்கள் மாணவர்களாகவோ வேறு தொழில் புரிபவர்களாகவோ இருந்துகொண்டே, பொதுவாக வாரத்தில் ஒரு மாலையும் சில வார இறுதிகளும் பயிற்சி பெறுகின்றனர். இப்படைக்கு நாடு முழுவதிலும் 24 நிலையங்கள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் கடற்படைச் சேமப்படைப் பிரிவு என அழைக்கப்படுகின்றது. தலைமையகம் கியூபெக் நகரில் அமைந்துள்ளது.

கடற்படை நிலையம் என்றவுடன் துறைமுகம் ஒன்றை எண்ணுவது இயல்பு. ஆனால் இந்த 24 நிலையங்களில் ஐந்து, கடலிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கோதுமைச் சமவெளி மாகாணங்களின் நகரங்களில் உள்ளன. இவை தவறுதலாக அங்கே அமைந்துவிடவில்லை. கடற்படை கலைக்கப்பட்டு விடுமோ என்ற அச்சம் நிலவிய காலத்தில், நன்கு எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாட்டின் விளைவே இப்பரம்பல் ஆகும்.

பரம்பல்

அத்திலாந்திக் மாகாணங்களில் நான்கு பிரிவுகள் உள்ளன. அவை ஆலிபாக்சு, செயின்ட் யோன், சார்லட்டவுன், செயின்ட் யோன்சு ஆகிய நகரங்களில் அமைந்துள்ளன. (நியூ பிரன்சுவிக்கில் உள்ள செயின்ட் யோனும், நியூபவுண்ட்லாந்தின் தலைநகரான செயின்ட் யோன்சும் வெவ்வேறு ஊர்கள். கனடியர்களே அடிக்கடி குழம்புவதுண்டு.) நியூபவுண்ட்லாந்து 1949 இல்தான் கனடாவுடன் இணைந்தது; அங்குள்ள கபோட் பிரிவும் அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்டது. பசிபிக் கரையில் விக்டோரியா, வன்கூவர் ஆகிய இரு நகரங்களில் மட்டுமே பிரிவுகள் உள்ளன. வன்கூவர்ப் பிரிவு, புகழ்பெற்ற இசுடான்லி பூங்காவை ஒட்டிய டெட்மன் தீவில் உள்ளது.

கியூபெக்கில் ஆறு பிரிவுகளும், ஒன்ராறியோவில் ஏழு பிரிவுகளும் உள்ளன. ஒன்ராறியோவில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை பேரேரிகளின் கரையிலோ அவற்றை இணைக்கும் ஆறுகளின் கரையிலோ உள்ள ரொறன்ரோ, ஆமில்டன், கிங்ஸ்டன், வின்சர், தண்டர்பே ஆகிய நகரங்களில் அமைந்துள்ளன. எஞ்சியவை ஒட்டாவாவிலும் இலண்டனிலும் உள்ளன. இங்கு குறிப்பிடப்படும் இலண்டன் ஒன்ராறியோவில் உள்ள நகரமாகும். அதன் ஊடாக ஓடும் ஆற்றுக்கும் தேம்சு என்றே பெயர்.

சமவெளி மாகாணங்களில் உள்ள ஐந்து பிரிவுகள் வினிப்பெக், ரெஜைனா, சசுக்காட்டூன், கல்கரி, எட்மன்டன் ஆகிய நகரங்களில் உள்ளன. சசுக்காட்டூன் பசிபிக் கரையிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கல்கரி, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ரெஜைனாவில் உள்ள நீர்நிலையான வசுக்கானா ஏரி, அணை கட்டி உருவாக்கப்பட்ட செயற்கை ஏரியாகும். நிலப்படத்தில் இவற்றைக் குறித்துப் பார்த்தால், இப்பரம்பல் கரையோரத்தை அன்றி மக்கள் செறிந்து வாழும் நகரங்களையே பின்பற்றுகின்றது என்பது விளங்கும்.

வரலாறு

கனடாவின் கடற்படை 1910 இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அது அரசியற் சர்ச்சைக்கு உள்ளானது. பிரித்தானியப் பேரரசின் போர்களில் நாட்டை அது இழுத்து விட்டுவிடும் எனக் கியூபெக்கில் பலர் அஞ்சினர்; பேரரசுக்கு அது போதிய உதவியன்று என ஆங்கிலம் பேசுவோரிற் பலர் குறை கூறினர். 1911 ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரதமர் வில்பிரிட் லோரியே தோல்வியுற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மேலும் மோசமடைந்தது. 1922 இல் மக்கென்சி கிங் தலைமையிலான அரசு கடற்படைக்கான நிதியை 15 இலட்சம் டாலராகக் குறைத்தது. அரோரா என்னும் போர்க்கப்பலும் இரு நீர்மூழ்கிக் கப்பல்களும் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. கடற்படைக் கல்லூரி மூடப்பட்டது. எஞ்சியவை இரண்டு நாசகாரிக் கப்பல்களும் சில சிறு கப்பல்களுமே. கடற்கரைக்கு ஒன்றாக அந்நாசகாரிகள் நிறுத்தப்பட்டன.

அப்போது கடற்படையின் இயக்குநராக இருந்தவர் வால்டர் ஓசு. இந்தச் சிறு தொகையை முழுவதும் கப்பல்களுக்கே செலவிட்டால், இரு கரைகளிலும் இருப்போர் தவிர நாட்டில் வேறு எவரும் கடற்படையைக் கண்ணாலும் காணப் போவதில்லை என்பதை அவர் உணர்ந்தார். நாடாளுமன்ற உறுப்பினரிற் பெரும்பாலானோரைத் தேர்ந்தெடுப்பவர்களோ உள்நாட்டு மக்கள். எனவே கடற்படையை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு செல்ல அவர் முடிவு செய்தார். 1923 சனவரியில் கனடிய அரச கடற்படைத் தன்னார்வச் சேமப்படை உருவாக்கப்பட்டு, நாட்டின் முக்கிய நகரங்களில் அதன் சிறு பிரிவுகள் தொடங்கப்பட்டன. உள்ளூர்க் கடைக்காரரும் வழக்கறிஞரும் வங்கி எழுத்தரும் சீருடை அணிந்து, கயிறு முடியவும் சைகைக் கொடி காட்டவும் கற்றனர். கப்பல்களைக் குறைத்துவிட்டு வகுப்பறைகளைத் திறந்த இம்முடிவு எளிதானதன்று. ஆனால் கனடியக் கடற்படையின் வரலாற்றில் இதைவிடத் தொலைநோக்கான முடிவு ஒன்றைக் காட்டுவது கடினம்.

1939 இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, சேமப்படையினரையும் சேர்த்துக் கனடியக் கடற்படையில் இருந்தோர் ஏறத்தாழ 3,500 பேர் மட்டுமே. போர் முடியும் தறுவாயில் இத்தொகை 90,000 ஐத் தாண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்தோருள் மிகப் பெரும்பாலானோர் தன்னார்வச் சேமப்படை வழியாக, இந்த உள்நாட்டு நிலையங்களிலேயே தம் பெயரைப் பதிந்தனர். அதுவரை கடலையே கண்டிராத சமவெளி இளைஞர் பலர், சில மாதப் பயிற்சிக்குப் பின் கொர்வெட் எனப்படும் சிறு போர்க்கப்பல்களில் ஏறி, செருமானிய நீர்மூழ்கிகளிடமிருந்து வணிகக் கப்பல் தொகுதிகளைக் காக்க வட அத்திலாந்திக்குக்குச் சென்றனர். சேமப்படை அதிகாரிகளின் சட்டைக் கையில் இருந்த பொன்னிறப் பட்டைகள் நேராக இல்லாமல் அலை வடிவில் இருந்தமையால், இவர்களை அலைக் கடற்படை என்று அழைப்பர். போரில் கனடியக் கடற்படையினர் ஏறத்தாழ 2,000 பேர் உயிரிழந்தனர். கடற்கரை சிறிதும் இல்லாத சசுக்காச்சுவான் மாகாணம், போரில் இறந்த தன் மக்களின் பெயர்களைத் தன் வடபகுதியில் உள்ள ஏரிகளுக்கும் தீவுகளுக்கும் இட்டுள்ளது. அப்பெயர்களுள் கடற்படையினரின் பெயர்களும் உள்ளன.

கற்கப்பல்கள்

1941 நவம்பரில் இப்பிரிவுகள் முறைப்படி கப்பல்களாக அறிவிக்கப்பட்டன. கடற்படையினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கப்பலின் பதிவேட்டில் இருத்தல் வேண்டும் என்ற பழைய பிரித்தானிய மரபே இதற்குக் காரணம். இதனால் இக்கட்டடங்கள் ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னும் போர்க்கப்பலுக்குரிய எச்.எம்.சி.எஸ். என்ற அடைமொழி இடப்படுகின்றது. நிலத்தில் அசையாது நிற்கும் இத்தகைய "கப்பலை" நகைச்சுவையாகக் கற்கப்பல் என்பர். உள்ளே தரையைத் தளம் என்றே சொல்லவேண்டும். ரெஜைனாவில் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வருவதும் "கரைக்குச் செல்லுதல்" ஆகும்.

பெயர்கள் பலவும் நாட்டின் வரலாற்றை நினைவூட்டுவன. எட்மன்டனில் உள்ள நொன்சச், 1668 இல் அட்சன் விரிகுடாவுக்கு உரோம வணிகத்துக்காக வந்த சிறு கப்பலின் பெயரைத் தாங்கியது. சசுக்காட்டூனில் உள்ள யூனிகோன், 1619 இல் அதே விரிகுடாவை அடைந்த தேனிய நாடுகாண் பயணி யென்சு முங்கின் கப்பலின் பெயராகும். தண்டர்பேயில் உள்ள கிரிபன், 1679 இல் பேரேரிகளில் ஓடி, அவ்வாண்டிலேயே காணாமற் போன லா சாலின் கப்பலை நினைவுகூர்கின்றது.

மூடலும் மீள்திறப்பும்

போருக்குப் பிந்திய சிக்கன நடவடிக்கைகளின்போது முதலில் பாதிக்கப்பட்டவற்றுள் இந்நிலையங்களும் அடங்கும். 1964 இல் ரெஜைனா, எட்மன்டன், இலண்டன் முதலிய இடங்களில் இருந்த பிரிவுகள் மூடப்பட்டன. முதலிரண்டும் 1975 இலும், இலண்டனில் உள்ள பிரிவு 1990 இலும் மீண்டும் திறக்கப்பட்டன. கியூபெக்கில் நெடுங்காலம் மொன்றியல், கியூபெக் நகரம் ஆகிய இரண்டில் மட்டுமே பிரிவுகள் இருந்தன. பிரெஞ்சு மொழி பேசுவோரைக் கடற்படையில் கூடுதலாகச் சேர்க்கும் நோக்குடன் 1980களில் சிக்கூத்திமி, ரிமூசுக்கி, துருவா ரிவியேர், செட் ஈல் ஆகிய இடங்களில் நான்கு புதிய பிரிவுகள் தொடங்கப்பட்டன.

உள்நாட்டு நிலையங்களில் தரைப்பயிற்சி மட்டுமே முழுமையாக அளிக்க முடியும் என்பது இப்பரம்பலின் பெருங்குறை. கடற்பயிற்சிக்கு ஆலிபாக்சுக்கோ பசிபிக் கரையில் உள்ள எசுக்குவைமால்டுக்கோ செல்லவேண்டும். மாணவர்கள் கோடை விடுமுறையை இதற்குப் பயன்படுத்துகின்றனர். 1990களின் பிற்பகுதியில் சேவைக்கு வந்த 12 கிங்ஸ்டன் வகைக் கரையோரக் கப்பல்கள் பெரும்பாலும் சேமப்படையினராலேயே இயக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் சசுக்காட்டூன், மற்றொன்றின் பெயர் எட்மன்டன். பிற்காலத்தில் முழுநேரப் படையினரும் கலந்து பணியாற்றும் முறை வந்தது. 2025 இல் இவ்வகைக் கப்பல்களிற் பல சேவையிலிருந்து விலக்கப்பட்டன.

வடபகுதி

யூக்கான், வடமேற்கு நிலப்பகுதிகள், நுனாவுட் ஆகிய மூன்று வட ஆட்புலங்களிலும் கடற்படைச் சேமப்படைப் பிரிவு எதுவும் இல்லை. கனடாவின் மிக நீண்ட கடற்கரை ஆர்க்டிக்கில் உள்ளது. ஆனால் மூன்று ஆட்புலங்களிலும் சேர்த்து வாழ்வோர் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் பேரே. சமவெளியில் நிலையங்களைத் தோற்றுவித்த அதே கணக்கு இங்கே அவற்றை இல்லாமற் செய்தது. அப்பகுதியைக் கண்காணிக்கும் பணியைக் கனடிய ரேஞ்சர்கள் என்னும் வேறொரு சேமப்படையினர் ஆற்றுகின்றனர். இவர்களுட் பலர் பழங்குடி மக்கள். இவர்களுக்குக் கற்கப்பல்கள் இல்லை. தம் ஊர்களிலிருந்தே பனி வண்டிகளிலும் படகுகளிலும் சுற்றுக்காவல் செல்கின்றனர்.