தச்சநல்லூர்த் தோட்டத்திற்கேற்ற கிழங்கு மலர்

இதழில் தாடிபோல் மயிர் செறிந்த ஐரிஸ் புஷ்பத்தைக் காச்மீரத்தார் கல்லறைகளின்மேலும் நட்டு வளர்க்கின்றனர். அதன் கிழங்குக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். தாமிரபரணிச் சீமையில், தச்சநல்லூர் வெயிலில், அது பூத்தல் அரிது. அதற்காக நாம் ஏங்குவானேன்? தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளும் கிழங்கில் உறங்கி எழுவதே. ஆடியில், நீர் தேங்காத மண்ணில், முளை ஒடியாமல் 3 அங்குல ஆழத்தில் கிழங்கை நட்டு, அருகே கொம்பு ஊன்றுக. இலைநுனிகளே சுருண்டு அதைப் பற்றிக்கொள்ளும். மலர் மஞ்சளாய் விரிந்து, நாளடைவில் செந்தழலாய் மாறும். கொடி காய்ந்தால் பிடுங்கி எறியற்க. நீரை நிறுத்தினால் கிழங்கு உறங்கும். ஒன்று மட்டும் மறவற்க: கண்வலிக்கிழங்கு என்று நாம் அழைக்கும் இதில் கால்ச்சிசின் என்னும் கொடிய விஷமுண்டு. உண்ணும் கிழங்கென்று எண்ணித் தின்று உயிரிழந்தோர் உண்டு. குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வேலியிட்டே வளர்ப்போமாக!