கல்லுக்குள் இங்கிலீஷ்!

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், 2020-ம் ஆண்டு ஒரு குளத்தில் மண் எடுத்தார்கள். மண்ணுக்குள் இருந்து பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளியே வந்தன. அவ்வளவுதான்... 'டைனோசர் முட்டை கிடைச்சிருச்சு!' என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. செல்போனில் படங்கள் பறந்தன. கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். 'இது முட்டை இல்லை. அம்மோனைட் என்ற கடல் பிராணியோடு சம்பந்தப்பட்ட கல்' என்று சொன்னார்கள்.

அது என்ன அம்மோனைட்? கடலே இல்லாத பெரம்பலூரில் கடல் பிராணிக்கு என்ன வேலை?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் சேற்றில் புதைந்து, நாளடைவில் கல்லாகிவிட்டன. அவற்றை ஆராய்ந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்கள்தான் நம் அறிவியல் புத்தகத்தில் வந்து, வாயில் நுழையாமல் பயமுறுத்துகின்றன!

பயப்படாதீர்கள். ஒரு வார்த்தை எங்கே பிறந்தது, அதன் அண்ணன், தம்பி யார் என்று தெரிந்துகொண்டால் போதும், மனப்பாடமே வேண்டாம். வாருங்கள், அரியலூர் கல்லில் ஒளிந்திருக்கும் சில வார்த்தைகளைத் தோண்டிப் பார்ப்போம்.

தோண்டினால் ஃபாசில்!

லத்தீன் மொழியில் 'ஃபோடெரே' என்றால் தோண்டுவது. 'ஃபோசிலிஸ்' என்றால் தோண்டி எடுத்தது. அதுதான் ஃபாசில். தமிழில் புதைபடிவம் அல்லது தொல்லுயிர் எச்சம் என்கிறோம்.

ஒரு வேடிக்கை தெரியுமா? ஆரம்பத்தில் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் எதையுமே ஃபாசில் என்றுதான் சொன்னார்கள். சாதாரணக் கல்லும் ஃபாசில், உலோகத் தாதுவும் ஃபாசில்! பிறகுதான், பழங்கால உயிர்களின் மிச்சத்தை மட்டும் குறிக்கும் சொல்லாக அது மாறியது.

ஆட்டுக் கொம்பும் யூரியாவும்

இப்போது குன்னத்துக் கல்லுக்கு வருவோம். பழங்கால எகிப்தில் அம்மோன் என்று ஒரு தெய்வத்தை வணங்கினார்கள். அந்தத் தெய்வத்துக்கு செம்மறி ஆட்டுக் கடாவின் சுருண்ட கொம்பு இருப்பதாகச் சிலை செய்தார்கள். சுருள் சுருளாக இருந்த சில கற்களைப் பார்த்த ரோமானியர்கள், 'அட, அம்மோனின் கொம்பு மாதிரியே இருக்கிறதே!' என்று அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள். ரோமானிய அறிஞர் பிளினி தன் நூலில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அதிலிருந்து வந்ததுதான் அம்மோனைட்.

நம் நாட்டிலும் இதற்குத் தெய்வத்தோடு தொடர்பு உண்டு. நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லைப் பூஜையில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அம்மோனைட் படிவம்தான்! ரோமானியர்களுக்கு ஆட்டுக் கொம்பாகத் தெரிந்த சுருள், நமக்குத் திருமாலின் சக்கரமாகத் தெரிந்தது.

அம்மோனைட்டுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் பெயர் அம்மோனியா! லிபியா பாலைவனத்தில் இருந்த அம்மோன் கோயில் பக்கத்தில் ஒருவகை உப்பு கிடைத்தது. அதை 'அம்மோனின் உப்பு' என்று அழைத்தார்கள். அந்த உப்பிலிருந்து கிடைத்த வாயுவுக்கு அம்மோனியா என்று பெயர் வந்தது. இன்று யூரியா தயாரிப்பதே அம்மோனியாவை வைத்துத்தான். பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டில் அப்பா தூவுகிற யூரியாவுக்கும், அதே காட்டு மண்ணுக்குள் கிடக்கும் அம்மோனைட்டுக்கும் பெயரில் உறவு இருக்கிறது பார்த்தீர்களா!

மாலுமியும் வாந்தியும்

அம்மோனைட் இனம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்துவிட்டது. ஆனால், அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் இன்றும் கடலில் உயிரோடு நீந்துகிறது. அதன் பழங்கால ஓடுகளும் அரியலூர் பாறைகளில் கல்லாகக் கிடைத்திருக்கின்றன.

கிரேக்க மொழியில் 'நாஸ்' என்றால் கப்பல். 'நாட்டிலோஸ்' என்றால் மாலுமி. அதிலிருந்து வந்தது நாட்டிலஸ்.

'ஆஸ்ட்ரான்' என்றால் நட்சத்திரம். அதோடு மாலுமியைச் சேருங்கள்... ஆஸ்ட்ரோநாட்! அதாவது, நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல் ஓட்டுபவர். விண்வெளி வீரருக்கு என்ன அழகான பெயர்!

கப்பலில் போகிறவர்களுக்குக் குமட்டிக்கொண்டு வரும் இல்லையா? அதற்கும் இதே கப்பலிலிருந்துதான் பெயர் வந்தது: நாசியா. டாக்டரிடம் போனால் கேட்பாரே, அந்த வார்த்தைதான். நத்தை மாதிரி ஓடும், விண்வெளி வீரரும், வயிற்றுக் குமட்டலும் ஒரே குடும்பம்! சமஸ்கிருதத்தில் கப்பலைக் குறிக்கும் 'நௌ' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கல்லாய்ச் சமைந்த மரம்

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஓடைக்கரையில் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். தொட்டுப் பார்த்தால் கல்! 1940-ம் ஆண்டு இதைக் கண்டுபிடித்து வெளியுலகுக்குச் சொன்னவர் எம்.எஸ்.கிருஷ்ணன். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவரான முதல் இந்தியர் இவர்தான். மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்று அந்தத் துறை சொல்கிறது.

மரம் எப்படிக் கல்லானது? ஆற்றில் அடித்துவரப்பட்ட மரம் கடல் சேற்றில் புதைந்தது. காற்று படாததால் உளுத்துப்போகவில்லை. நீரில் கரைந்திருந்த தாதுப் பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் புகுந்து, மரம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உருவம் மரம், உடம்பு கல்!

இப்படிக் கல்லாவதை ஆங்கிலத்தில் பெட்ரிஃபை என்பார்கள். கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் பாறை. லத்தீனில் 'ஓலியம்' என்றால் எண்ணெய். இரண்டையும் சேர்த்தால்? பெட்ரோலியம்! பாறைக்குள்ளிருந்து வரும் எண்ணெய். உங்கள் வகுப்பில் பீட்டர் என்று யாராவது இருக்கிறார்களா? அந்தப் பெயருக்கும் பாறை என்றுதான் அர்த்தம்.

பயத்தில் உறைந்துபோனவரையும் 'பெட்ரிஃபைடு' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாமும்தான் 'கல்லாய்ச் சமைந்துவிட்டான்' என்கிறோம். அகலிகை கதை நினைவுக்கு வருகிறதா?

கிரேயானுக்கு அண்ணன்

அரியலூர் கடல் இருந்த காலத்துக்கு கிரெட்டேசியஸ் காலம் என்று பெயர். சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. 1822-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு அறிஞர் ஒமாலியஸ் டலாய் இந்தப் பெயரை வைத்தார். லத்தீனில் 'கிரெட்டா' என்றால் சுண்ணக்கட்டி, அதாவது சாக். ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் பாறைகள் வெள்ளை வெளேர் என்று சாக்காக இருந்ததால் இந்தப் பெயர்.

இதே கிரெட்டாதான் பிரெஞ்சு மொழிக்குப் போய் 'கிரே' ஆனது. அதிலிருந்து பிறந்தது... நீங்கள் படம் வரையும் கிரேயான்!

சாக் என்ற சொல் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்பு. அதிலிருந்து வந்தவை சாக், கால்சியம் இரண்டும். சிறு கூழாங்கல்லுக்கு 'கால்குலஸ்' என்று பெயர். ரோமானியர்கள் கூழாங்கல்லை நகர்த்தித்தான் கணக்குப் போட்டார்கள். அதனால் கணக்குப் போடுவது கால்குலேட். அப்பாவின் கடையில் இருக்கும் கால்குலேட்டர் உண்மையில் ஒரு கூழாங்கல்!

வெட்டு ஒன்று, துண்டு மூன்று

அரியலூர் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது சிமென்ட். இங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி பழைய கடல் உயிர்களின் ஓடுகளால் ஆனது. கல்லங்குறிச்சி பக்கத்துப் பாறைகளில் சிப்பிகள் அடுக்கு அடுக்காக இருக்கும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சூளையில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட்டு, மறுபடி அரைத்தால் சிமென்ட். அப்படியானால் உங்கள் வீட்டுச் சுவரிலும் பழைய கடல் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்!

லத்தீனில் 'கேடெரே' என்றால் வெட்டுவது. வெட்டிய கல் துண்டுகளுக்கு 'கேமென்டம்' என்று பெயர். அதுதான் சிமென்ட் ஆனது. இந்த வெட்டும் குடும்பத்தில் இன்னும் இருவர் உண்டு. ஒருவர் சிசர்ஸ், நம் கத்தரிக்கோல். இன்னொருவர் டிசைட், முடிவெடுப்பது. பத்து வழிகள் இருக்கும்போது ஒன்பதை வெட்டிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வதுதானே முடிவு? நாமும் 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்கிறோமே!

உஷார்... போலி உறவு!

ஒரே மாதிரி இருக்கும் எல்லா வார்த்தைகளும் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் பகுதியில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் லிக்னைட். முதல் எழுத்தான 'எல்'லை எடுத்துவிட்டால் இக்னைட். அதற்குப் பற்றவைப்பது என்று அர்த்தம். நிலக்கரி, நெருப்பு... பொருத்தமாகத்தானே இருக்கிறது?

ஆனால் உறவே இல்லை! லிக்னைட் பிறந்தது 'லிக்னம்' என்ற சொல்லிலிருந்து. அதற்கு மரம், விறகு என்று பொருள். இக்னைட் பிறந்தது நெருப்பைக் குறிக்கும் 'இக்னிஸ்' என்ற சொல்லிலிருந்து. இக்னிஸின் உண்மையான சொந்தக்காரர் நம் நாட்டில் இருக்கிறார்: அக்னி!

பெயர் இருக்கிறது, எலும்பு இல்லை

கடைசியாக, எல்லாருக்கும் பிடித்த டைனோசர். 1842-ம் ஆண்டு ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் ஓவன் உருவாக்கிய சொல் இது. கிரேக்கத்தில் 'டைனோஸ்' என்றால் அச்சம் தருவது. 'சாரோஸ்' என்றால் பல்லி.

அரியலூர் மாவட்டம் கல்லமேடு கிராமத்தில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1987-ல் ஒரு பெயர் வைத்தார்கள்: 'ப்ருஹத்காயோசாரஸ்'. 'ப்ருஹத்காய' என்பது சமஸ்கிருதம். மாபெரும் உடல் என்று பொருள். 'சாரஸ்' கிரேக்கம். இரண்டு மொழிகள் கைகோத்த பெயர்! அதன் கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர் நீளம் இருந்ததாம். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய டைனோசர்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

'அந்த எலும்பை எங்கே பார்க்கலாம்?' என்று கேட்கிறீர்களா? பார்க்க முடியாது குட்டீஸ். மழையும் ஈரமும் பட்டு நைந்திருந்த அந்த எலும்புகள் பொடிந்து அழிந்துபோயின. அதனால், 'அது எலும்புதானா, கல்லான மரமா?' என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். பதில் சொல்ல எலும்பு இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2022-ல், அப்போது எடுத்த புகைப்படங்கள் வெளியாகின. அவற்றைப் பார்த்துத்தான் அறிஞர்கள் மீண்டும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இன்று நம்மிடம் மிச்சம் இருப்பது சில படங்களும் ஒரு பெயரும்தான்.

வார்த்தையை எத்தனை முறை தோண்டினாலும் அது உடையாது. கல் அப்படியில்லை. ஒரு தடவை உடைந்தால், அல்லது ஜல்லியோடு ஜல்லியாக அரைபட்டுவிட்டால், அதோடு சரி. பத்துக் கோடி ஆண்டு காத்திருந்தது ஒரு நிமிடத்தில் போய்விடும்.

எனவே, வயலிலோ ஓடையிலோ சுருள் சுருளாகவோ, சிப்பி மாதிரியோ ஒரு கல்லைப் பார்த்தால் உடைக்காதீர்கள். பையில் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். எந்த இடம் என்று குறித்துக்கொண்டு, ஒரு படம் எடுத்து, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அது கிடந்த இடம் தெரிந்தால்தான் ஆய்வாளர்களுக்கு அதன் கதை புரியும். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. லீவு நாளில் அப்பா, அம்மாவோடு போய்ப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

ஜியாலஜி, ஜியாக்ரஃபி, ஜியோமெட்ரி... இந்த மூன்றுக்கும் பொதுவான 'ஜியோ' என்றால் என்ன? யோசித்துவிட்டு, கீழே பாருங்கள்!

விடை: 'ஜியோ' என்றால் கிரேக்கத்தில் பூமி. ஜியாலஜி பூமியைப் பற்றிய அறிவு. ஜியாக்ரஃபி பூமியைப் பற்றி எழுதுவது. ஜியோமெட்ரி நிலத்தை அளப்பது. உங்கள் ஜாமெட்ரி பாக்ஸ் நிலம் அளக்கும் பெட்டி!