300 கோடி ரூபாய் ‘கடன்’ ஆகும் விந்தை!

லாரி மீட்டரில் கம்ப்யூட்டர் ரகசியம்

லாரிக்குப் பெயர் போன ஊர் நாமக்கல். பழைய லாரிகளில் கிலோ மீட்டர் காட்டும் கருவியைப் பார்த்தவர்கள் அங்கே ஏராளம். அதில் ஐந்து இலக்கம்தான் இருக்கும். 99,999 வந்து விட்டால் அடுத்தது 00000. லட்சம் என்று காட்ட இடம் இல்லை!

அந்தச் சக்கரத்தைப் பூஜ்யத்தில் இருந்து ஒரு பல் பின்னால் சுற்றினால்? 99,999 என்று காட்டும். லாரி அத்தனை தூரம் ஓடியதா? அல்லது, பூஜ்யத்துக்கு ஒன்று குறைவா? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

32 சுவிட்சு

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

இணையப் பக்கங்களை இயக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் என்பவர் 1995-ல் இதை உருவாக்கினார். முதல் வடிவத்தைப் பத்தே நாளில் முடித்தார்!

அதில் சாதாரணக் கூட்டல், கழித்தலுக்குப் பயம் இல்லை. ‘பிட்’ கணக்கில்தான் வில்லங்கம். பிட் என்பது ஒரு சுவிட்சு மாதிரி. எரியும், அல்லது அணையும். பிட் கணக்கில் ஓர் எண்ணுக்கு 32 சுவிட்சுகளே உண்டு. இடது ஓரத்து சுவிட்சு எரிந்தால், “இது மைனஸ் எண்” என்று ஜாவாஸ்கிரிப்ட் முடிவு கட்டி விடும். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் பத்திரம்.

(தென் கொரியாவின் ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இதைத் தாண்டியது. 64 பிட்டுக்கு மாறி விட்டதாக யூடியூப் 2014 டிசம்பரில் அறிவித்தது.)

முட்டைக் கணக்கு

முட்டை வியாபாரக் கணக்கு 300 கோடி ரூபாய் 50 காசு என்று வைத்துக் கொள்வோம். காசை நீக்க, புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எண்ணின் பின்னால் ‘| 0’ என்று போடுவார்கள். அதுவும் பிட் கணக்குதான். காசு போகும். விடையோ, மைனஸ் 129 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296! வரவு கடனாகி விட்டது. கம்ப்யூட்டர் ‘தப்பு’ என்று ஒரு வார்த்தை சொல்லாது. அதுதான் ஆபத்து.

பணத்துக்கு இந்தக் குறுக்கு வழியே வேண்டாம். காசை நீக்க ‘மாத்.டிரங்க்’ என்ற கட்டளை 2015-ல் வந்தது. அது எண்ணைப் புரட்டாது.

பிட் கணக்கே தேவைப்படும் இடங்களும் உண்டு. இணைய முகவரி எண்கள் அப்படி. அங்கே ‘>>> 0’ என்று எழுதினால், 32 சுவிட்சையும் மைனஸ் இல்லாத எண்ணாகப் படிக்கும். ஆனால் அதைக் கடைசியில் எழுத வேண்டும். அதன் பிறகு வேறு பிட் கணக்கு போட்டால், மைனஸ் திரும்பி வந்து விடும்!