மோட்டார் போடுகிறவர்

அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை.

2022 ஜூலை, ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினொன்றரை மணி இருக்கும். வாசலில் சாமியானா. திண்டிவனத்திலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த பக்கத்து பிளாட் ஆட்கள் இன்னொரு பக்கம். ஐஸ் பெட்டியிலிருந்து அப்பாவை எடுத்து பெஞ்சில் கிடத்தியாகிவிட்டது. பெரியப்பா கையில் எண்ணெயும் சீயக்காயும். "தண்ணி கொண்டாங்கப்பா" என்கிறார். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. சமையலறைக் குழாயிலும் காற்றுதான். மாடித் தொட்டி காலி.

ஏன் காலி என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் வீட்டில் மோட்டார் போடுகிறவர் அப்பா. விடியற்காலை ஐந்து மணிக்குப் போடுவார். அன்றைக்குப் போடவில்லை.

பின்கட்டுக்கு ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினேன். மோட்டார் வெறுமனே உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நாற்பது வயதான எனக்குத் தெரியவில்லை. அதற்குள் எதிர் பிளாட்டின் இரண்டாம் மாடியில் இருக்கும் பையன், அன்றுவரை பெயர்கூடத் தெரியாதவன், தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இருபது லிட்டர் கேன் கொண்டு வந்து இறக்கினான். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். சீலைப் பிய்த்து, கேனைச் சரித்து, குடத்தில் பிடித்து ஊற்றினோம்.

காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கமாட்டேன் என்று கடைசிவரை சாதித்த மனுஷர். கேன் தண்ணீரில்தான் போனார்.

*

நாங்கள் இருக்கும் சென்னை முகப்பேரின் பெயரே மகப்பேறு என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இங்கே இருக்கிற சந்தான சீனிவாசப் பெருமாளிடம் பிள்ளை வரம் கேட்டு வெளியூர்களிலிருந்து இன்றும் தம்பதிகள் வருகிறார்கள். நாங்கள் வந்தது அதற்காக இல்லை. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டர்னர். 1964-இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டை ஊர் ஊராக ஆட்களை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவரும் திண்டிவனத்துப் பக்கமிருந்து வந்து சேர்ந்தார். பாடியில் ஒண்டுக் குடித்தனம். 1990-இல் வீட்டுவசதி வாரியத்தின் எல்.ஐ.ஜி. வீடு ஒன்று கைக்கு வந்தது. திட்டத்தின் பெயர், முகப்பேர் ஏரித் திட்டம். ஏரி எங்கே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "நீ நிக்கிறதுதான் ஏரி" என்பார் அப்பா.

ஏரிக்கு மேல் வீடு கட்டிக்கொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்த ஜனங்கள் நாங்கள். முதல் ஆறு வருடம் அடிபம்பு. அப்பா அடிக்க, அம்மா குடம் மாற்ற, நானும் தங்கையும் சொம்பும் வாளியுமாகக் கூட ஓட, விடிவதற்குள் ஒரு நாளைக்கான தண்ணீர் உள்ளே வந்துவிடும். பிறகுதான் போர் போட்டு ஜெட் மோட்டார் வைத்தார். 2003-இல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியபோது தெருவில் பல வீடுகளில் கணக்குக்கு ஒரு குழாயை நட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு இறங்கி, ஆளுயரக் குழி வெட்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார். அடுத்த வருடம் வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்தது. "அது அவங்க தண்ணி, இது நம்ம தண்ணி" என்று குழியைக் காட்டிச் சொன்னார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டாவது படி வரை தண்ணீர் ஏறியது. ஏரி தன் இடத்தைப் பார்க்க வந்தது போலிருந்தது. எல்லோரும் டி.வி.யையும் பீரோவிலிருந்த பத்திரங்களையும் தூக்கிக்கொண்டிருக்க, அப்பா முதலில் மோட்டாரைக் கழற்றி, யூரியா சாக்கில் சுற்றி, மாடிக்குக் கொண்டுபோனார். அம்மா அதற்காக ஒரு மாதம் அவரைப் பேசியிருக்கிறாள். நான்கே வருடத்தில், 2019 கோடையில், பூண்டியும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு ஊரே லாரிக்குக் காத்துக்கிடந்தது. எங்கள் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் அரைத் தொட்டி கொடுத்தது. அந்த அரைத் தொட்டியிலும் எதிர்வீட்டுக்கு இரண்டு குடம் போனது.

அந்த எதிர்வீடுதான் இப்போது பிளாட். அன்றைக்கு ஒரு சாவு விழுந்தால் தெருவில் எந்த வீட்டிலும் ரேடியோ பாடாது. யார் சொல்லியும் இல்லாமல் வாசலில் குடங்கள் வரிசை கட்டும், சாவு வீட்டுக் குழந்தைகளுக்கு வேறு வீட்டில் சோறு நடக்கும். இன்றைக்கு வாட்ஸப் ஸ்டேட்டஸில் படம் ஏறுகிறது, கீழே கும்பிடும் கை இருபது முப்பது வந்து நிற்கிறது. அந்தக் காலத்து ஜனங்கள்தான் ஜனங்கள் என்று பாடும் புலம்பலில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. குடம் வந்த வாசலுக்குக் கேன் வந்தது, அவ்வளவுதான். கொண்டுவந்தவன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பதை வேண்டுமானால் வித்தியாசமாகச் சொல்லலாம்.

*

முந்தின நாள் ராத்திரிக்குக் கொஞ்சம் போக வேண்டும். பத்து மணிக்கு அப்பாவின் மூச்சு நின்றது. அம்மா அழவில்லை. எழுந்து ஃபேனை நிறுத்தினாள், ஜூலைப் புழுக்கத்தில். தலைக்கு இன்னொரு தலையணை வைத்து உயர்த்தினாள். கண்ணை மூடிவிட்டு, ஈரப் பஞ்சை எடுத்து இமைமேல் வைத்தாள். "அந்தக் கார்டுல இருக்கிற நம்பருக்கு போன் பண்ணுடா" என்றாள்.

அந்தக் கார்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் பதினைந்து வயது மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள். இதயம் வந்து சேர்ந்தது எங்கள் முகப்பேருக்கு. டாக்டர் கே.எம். செரியனின் ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையில், பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அதைப் பொருத்தினார்கள். தேனாம்பேட்டையிலிருந்து போலீஸ் வழி ஒதுக்கிக் கொடுக்க, பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதையே பேசினார். "நான் அங்கேர்ந்து பஸ்ல வந்தா ஒன்னேகால் மணி நேரம்டா" என்றார். பிள்ளை வரம் கேட்டு வருகிற ஊருக்கு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கொடுத்தனுப்பியது வந்திருக்கிறது. அவர் அதை இப்படியெல்லாம் சொல்லவில்லை, இது என் வேலை. அவர் செய்தது, அடுத்த வாரமே போய்க் கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்ததுதான். அம்மாவையும் கையெழுத்துப் போடவைத்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், ஃபேன் ஓடினால் கருவிழி காய்ந்துபோகும், தலையை உயர்த்தி வைக்க வேண்டும் என்று அவர் சொன்னதெல்லாம் பதினாலு வருடம் கழித்து அம்மாவுக்கு வரிசை பிசகாமல் ஞாபகம் இருந்தது.

பன்னிரண்டரைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடத்தில் வேலையை முடித்தார்கள். வெளியே வந்தபோது முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெரியத்தை மட்டும், "அடுத்த ஜென்மத்துல குருடனாப் பொறப்பானாமே" என்று முணுமுணுத்தாள். "பொறந்தா நான் கையைப் புடிச்சிக் கூட்டிக்கினு போறேன் அண்ணி" என்றாள் அம்மா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அப்பாவை எடுத்த மறுநாள், பால் தெளித்துவிட்டு வந்த மத்தியானம், கூடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கனடாவிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கிய தங்கை தரையில் படுத்திருந்தாள். மூலையில் நான்கு காலிக் கேன்கள். அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று, "கேனு ஒன்னு நாப்பது ரூபாய்னு தெரிஞ்சிருந்தா அப்படியே எழுந்து உக்காந்திருப்பாரு" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது போல. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தங்கை எழுந்து வந்து பிடித்தால், சிரிக்கிறாள். தங்கைக்கும் தொற்றிக்கொண்டது. "சாவு வூட்ல என்ன சிரிப்பு" என்று கேட்டபடி வந்த பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

*

கருமாதி முடிந்து தங்கை ஊர் திரும்பிய பிறகு மோட்டார் என் பொறுப்புக்கு வந்தது. ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போனேன். ஸ்விட்ச் போட்டால் அதே உறுமல். மோட்டாருக்கு மேலே சுவரில் ஓர் ஆணி, அதில் நசுங்கிய அலுமினியச் சொம்பு ஒன்று தொங்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏர் புடிச்சிருக்குடா. மேல இருக்கிற மூடியைக் கழட்டி அந்தச் சொம்பால தண்ணி ஊத்து. வழியிற வரைக்கும் ஊத்து."

அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்றபடி, சத்தத்தை வைத்தே சொல்கிறாள். ஃபுட் வால்வு கொஞ்ச நாளாகவே ஒழுகுகிறது என்றும், அதனால்தான் ராத்திரியில் குழாய்த் தண்ணீர் கீழே இறங்கிக் காற்றுப் பிடித்துக்கொள்கிறது என்றும் சொன்னாள். மூன்று சொம்பு ஊற்றினேன். உறுமல் அடங்கி, சத்தம் கனத்தது. மேலே தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. நாற்பது வயதில் ஒரு மனிதனுக்கு இதில் என்ன பெருமை என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் பெருமையாக இருந்தது.

தொட்டி நிரம்ப இருபத்தைந்து நிமிடம். ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் மறந்துவிடும், தண்ணீர் வழிந்து தெருவில் ஓடும். அதனால் அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அம்மா காபி கொண்டுவந்தாள். தனக்கும் ஒன்று. எதிரே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மூன்று நாள் போன பிறகுதான் கேட்டேன், அவருக்கும் இப்படித்தான் காபி கொண்டுவருவாயா என்று.

"ஆமா. அவரு கல்லுல, நான் படியில. இந்த நேரத்துலதான் பேசிக்குவோம். நீங்கள்லாம் எழுந்துட்டா ஏது நேரம்? உன் காலேஜ் பீசு, தங்கச்சி கல்யாணம், எல்லாம் இங்க உக்காந்து பேசினதுதான்."

அந்த மோட்டார் சத்தம் எனக்கு எத்தனையோ வருடம் தூக்கத்தைக் கெடுத்த சத்தம். போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு எரிச்சலோடு கிடந்திருக்கிறேன். பேச்சு வெளியே கேட்காமலிருக்க இரண்டு பேருக்கு அது திரையாக இருந்தது என்று நான் கண்டேனா! அப்பா இருந்தவரை அம்மாவோடு என் பேச்சு, "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதற்கு மேல் போனது குறைவு. இப்போது தினமும் இருபத்தைந்து நிமிடம். கம்பெனிக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவரை லாரி உரசிய கதை, அதை எங்களிடம் மறைத்த கதை, அம்மாவுக்குத் தெரியாமல் அவர் சீட்டு கட்டி ஏமாந்தது, அது அம்மாவுக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தது. சில நாள் ஒன்றும் பேசுவதில்லை. காகம் வந்து தொட்டி விளிம்பில் உட்காரும். "தோ, வந்துட்டாரு மேஸ்திரி" என்பாள்.

அழுகை இல்லாமல் இல்லை. போன ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தபோது, பித்தளைச் செம்பைக் கழுவி வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, "இன்னிக்கு ரெண்டு சொம்பு போதும்" என்று குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளும் எழுந்து வந்து பாட்டியின் மடியில் தலை வைத்துப் படிக்கட்டிலேயே தூங்குவாள். எட்டு வயது. சத்தம் மெலிந்தால் தொட்டி நிரம்பப் போகிறது என்று கண்ணைத் திறக்காமலே சொல்லுகிறாள். நான் இன்னும் அவ்வளவு தேறவில்லை, மாடிக்குப் போய் எட்டிப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.

தெருவில் பழைய வாரிய வீடுகள் இப்போது நான்கோ ஐந்தோதான். போன மாதம் ஒரு பில்டர் வந்திருந்தார். மரியாதையான மனிதர். எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் சேர்த்து இடித்து, கீழே கார் நிறுத்த விட்டு, மேலே மூன்று மாடி. எங்களுக்கு இரண்டு பிளாட் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். லிஃப்ட் உண்டு, அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் சௌகரியம் என்றார். கணக்குப் பார்த்தால் நியாயமான பேச்சுதான். எனக்கே ஆசை தட்டியது.

அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மோட்டார் யார் போடுவாங்க?"

"அதெல்லாம் சென்சார்மா. தொட்டி காலியானா அதுவே ஓடும், ரொம்பினா அதுவே நின்னுடும். நீங்க எழுந்துக்கவே வேணாம்."

அம்மா காகிதத்தை நான்காக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"காபி சாப்பிடுறீங்களா தம்பி?"