நிபந்தனையோடு தோற்பது

ஆங்கிலத்தில் 'கேப்பிட்டுலேட்' என்றால் இன்று அடிபணிவது, மண்டியிடுவது. பத்திரிகைத் தலையங்கங்களில் அது ஏறக்குறைய வசவாகவே வருகிறது. அதன் பிறப்பில் இந்த இழிவு இல்லை. லத்தீனில் 'காபுட்' என்றால் தலை. 'காபிடுலும்' சிறு தலை, அதாவது ஆவணத்தின் உட்தலைப்பு. அதிலிருந்து வந்த வினைக்கு, உடன்படிக்கையைப் பிரிவு பிரிவாக எழுதுவது என்றே பொருள். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் அது நிபந்தனை பேசுவதைக் குறித்தது. 1519-இல் புனித ரோமானியப் பேரரசராகத் தேர்வான ஐந்தாம் சார்லஸ், தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழிக்கும் இதே வேரிலிருந்து வந்த பெயர்தான். வென்றவரே கையெழுத்திட்ட பத்திரம் அது! ஆகவே இச்சொல்லின் உயிர் தோல்வியில் இல்லை, எழுதப்பட்ட நிபந்தனையில் இருக்கிறது. அதை வெறும் பணிவாகச் சுருக்கினால், தோற்றவருக்கும் உரிமை உண்டு என்ற பழைய எண்ணத்தை இழந்துவிடுவோம்.

அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தபோது பதினான்கு பிரிவுகள் எழுதப்பட்டன. கொடிகளைச் சுற்றிக் கட்டியபடி, பிரிட்டிஷ் அல்லது ஜெர்மன் இசையை முழக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்றது மூன்றாம் பிரிவு. விரித்த கொடியோடு வெளியேறும் மரியாதையை முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டனில் அமெரிக்கர்களுக்கு ஆங்கிலேயர் மறுத்திருந்தார்கள். அதற்கான பதில் இது. வலுத்தவன் சொல்வதே நிபந்தனை, காகிதம் வெறும் போர்வை என்று இதைக் காட்டியே வாதிடலாம். வலுத்தவன் கை ஓங்கும் என்பது உண்மை. ஆனால் எழுதியது அவனையும் கட்டுகிறது. 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு நகரத்தைத் திருப்பித்தர ஒப்பினார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அதை ஏற்க மறுத்ததும், பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போரிடுவதில்லை என்று தாங்கள் கொடுத்த வாக்கும் இனி செல்லாது என்று கருதினார்கள் ஆங்கிலேயக் கைதிகள். ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்குத் தப்பியது அப்போதுதான்.

சொற்கள் மாறுவது இயல்பு, வேரைக் காட்டி இன்றைய வழக்கைத் திருத்த முடியுமா என்பது நியாயமான கேள்வி. முடியாதுதான். ஆனால் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. இத்தகைய உடன்பாடுகளை இரு தரப்பும் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்கின்றன போர் பற்றிய 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள். எழுத்தில்லாத சரணடைவு எப்படியிருக்கும் என்பதையும் நம் கரையே கண்டிருக்கிறது. 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஒப்படைக்க பிரெஞ்சுத் தளபதி லாலி முன்வைத்த நிபந்தனைகளை ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் ஏற்கவில்லை. கோட்டை நிபந்தனையின்றிக் கைமாறியது. பிறகு கோட்டையும் நகரமும் இடித்துத் தள்ளப்பட்டன.